விஞ்ஞானியோடு ஆன்லைனில் ஒரு மணி நேரம், ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை: எங்கே தவறினேன்?

#1 சாக்பீஸ்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஓர் ஆராய்ச்சியாளரை வீடியோ காலில் வகுப்புக்கு வரவழைத்தேன். அவரை ஒப்புக்கொள்ள வைக்கவே மூன்று மாதம் நடையாய் நடந்தேன் (மின்னஞ்சலில்தான்). மனிதர் தங்கமானவர். சொன்ன நேரத்துக்கு வந்தார், 48 ஸ்லைடு காட்டினார். பத்தாவது ஸ்லைடு வருவதற்குள் பின்வரிசை முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. கடைசியில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார். மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. நான் முறைத்த முறைப்பில் ஒரு பெண் எழுந்து, நானே எழுதிக் கொடுத்திருந்த கேள்வியை வாசித்தாள்: "விஞ்ஞானி ஆக என்ன படிக்க வேண்டும்?" அவர் பதில் சொன்னார். கைதட்டல், நன்றி, முடிந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அழைப்பைத் துண்டித்த அடுத்த நிமிடமே ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அவருக்குப் பின்னாடி அலமாரியில டப்பா டப்பாவா அடுக்கி இருந்துச்சே, அதுக்குள்ள என்ன?" இன்னொருத்தி: "இன்னைக்குக் காலையில வந்ததும் அவர் என்ன வேலை பார்த்திருப்பாரு?" அடுத்த பாடவேளை மணி அடிக்கும்வரை கேள்விகள் ஓயவில்லை. எல்லாம் என்னிடம். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது.

கேள்வி இருந்திருக்கிறது, அவரிடம் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை எப்படிச் செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கு_வாத்தியார்

டீச்சர், பெரிய தத்துவத்துக்குப் போவதற்கு முன்னால் மைக்கைப் பாருங்கள். நாற்பது பேர் இருக்கும் அறையில் மேசைமேல் ஒரு லேப்டாப் என்றால், அதன் மைக் மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்கும். பின்வரிசைப் பிள்ளை கேள்வி கேட்டு, எதிர்ப்பக்கம் "என்ன சொன்னீங்க? கேட்கலையே" என்று வந்தால் அவ்வளவுதான், அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுக்கக் கை தூக்காது.

தனி மைக் ஒன்று கைமாறிப் போகட்டும். இல்லாவிட்டால் கேட்பவர் லேப்டாப் முன்னால் வந்து உட்காரட்டும். ஸ்பீக்கரை மைக்கை விட்டுத் தள்ளி வையுங்கள், எக்கோ வராது. படம் தெறித்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் உடைந்தால் பொறுக்க மாட்டார்கள். முந்தைய நாளே அதே அறையில், அதே இணைப்பில், அதே நேரத்தில் ஒரு சோதனை அழைப்பு. இணைப்பு போனால் போனில் ஸ்பீக்கர் போட்டுத் தொடர எண் கையில் இருக்கட்டும்.

#3 வேர்முடிச்சு

எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். பயறு வகைச் செடிகளின் வேரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் என் ஆராய்ச்சி. இதுவரை ஏழெட்டு வகுப்புகளோடு ஆன்லைனில் பேசியிருக்கிறேன். முதல் மூன்றில் அந்த 48 ஸ்லைடு ஆசாமி நான்தான். (உங்கள் வகுப்புக்கு வந்தது நான் இல்லை டீச்சர், பயப்படாதீர்கள்.)

ஏன் ஸ்லைடு? பயம். கருத்தரங்கில் எந்தப் பேராசிரியர் எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளை எதைக் கேட்கும் என்று தெரியாது. ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது, அதுவே ஒரு பாதுகாப்பு.

நாலாவது வகுப்பில் ஸ்க்ரீன் ஷேர் மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லேபுக்குள் நடந்தேன். ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமிகளைக் கொல்லும் கருவி) போகக் காத்திருந்த பை நிறைய, பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டுகள், எல்லாம் பூஞ்சை பிடித்தவை. "அது ஏன் மேடம் அப்படி இருக்கு?" என்றான் ஒருவன். இரண்டு வார வேலை, வேண்டாத பூஞ்சை புகுந்து கெட்டுப்போய்விட்டது, எல்லாவற்றையும் கொன்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். எங்கிருந்தோ ஒரு குரல்: "அழுதீங்களா?"

கொஞ்சம் அழுதேன் என்று உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் கேள்வி நிற்கவே இல்லை. அந்தப் பூஞ்சை எங்கிருந்து வந்தது, யார் திட்டினார்கள், சம்பளத்தில் பிடிப்பார்களா, தட்டைத் திறக்காமல் உள்ளே எப்படிப் போச்சு. கடைசிக் கேள்விக்கு விடை சொல்லப் போனால் பாதி நுண்ணுயிரியல் வந்துவிடுகிறது.

#4 எதிர்வாதி

யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆக வேண்டும், நானே சொல்கிறேன். ஒரு மணி நேரப் பேச்சில் என்ன ஆகிவிடப் போகிறது? இது பிரமுகர் வருகை. முன்பு மாலையோடு வந்தார்கள், இப்போது லிங்கோடு வருகிறார்கள். மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பிய உழைப்பில் ஒரு நுண்ணோக்கியைச் சரிசெய்து பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கலாம். தகவல்தான் வேண்டும் என்றால் எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. விடை சொல்ல விஞ்ஞானி எதற்கு?

#5 மட்டுறுத்துநர்

எதிர்வாதி, கருத்து இருக்கட்டும். அதற்குக் கீழே டீச்சரைப் பற்றி இருந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.

#6 கடைசி_பெஞ்சு

எனக்குத் திக்குவாய். இப்போது பரவாயில்லை, பள்ளியில் படிக்கும்போது பெயர் சொல்லவே அரை நிமிடம் ஆகும். அதனால் வீடியோ கால் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அது ஏற்கெனவே வாய் உள்ளவர்களுக்கான மேடை.

பிரிட்டனில் "ஐ ஆம் எ சயின்டிஸ்ட், கெட் மீ அவுட் ஆஃப் ஹியர்" என்று ஓர் ஆன்லைன் நிகழ்ச்சி 2008இல் சோதனையாகத் தொடங்கி இன்னும் நடக்கிறது. தேடிப் பாருங்கள். முகமும் இல்லை குரலும் இல்லை, எல்லாம் எழுத்து அரட்டை. வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும், விஞ்ஞானிகள் மூச்சு முட்டப் பதில் எழுதுவார்கள். கடைசியில் பிடித்த விஞ்ஞானிக்கு மாணவர்களே வாக்குப் போடுவார்கள். வெல்பவருக்கு 500 பவுண்டு, தன் அறிவியலை மக்களிடம் கொண்டுபோகச் செலவழிக்க. தேர்வு வைப்பது பிள்ளைகள், எழுதுவது விஞ்ஞானி! எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

எழுத்தில் உச்சரிப்புக்குச் சிரிக்க ஆள் கிடையாது. ஒருத்தர் முடிக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வீடியோவில் நாற்பது பேரில் பத்துப் பேர் கேட்டாலே அதிகம். குறையும் உண்டு. முதல் ஐந்து நிமிடம் "ஹாய்", "உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன" என்று வந்து குவியும். ஆசிரியருக்குத் தலை வெடிக்கும். விட்டுவிடுங்கள். எதிரே இருப்பது ஆள்தானா, பதில் சொல்லுமா என்று பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஏழாவது நிமிடத்தில் "நீங்க கண்டுபிடிச்சது தப்புன்னு யாராவது சொன்னா என்ன பண்ணுவீங்க" என்று வரும்.

#7 அலைவரிசை

அமெச்சூர் ரேடியோக்காரன். எங்கள் பக்கத்துக் கதை ஒன்று.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு பள்ளிப் பிள்ளைகள் வானொலியில் பேசும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, ஏரிஸ் என்று பெயர். முதல் பள்ளித் தொடர்பு 2000 டிசம்பரில். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நிலையம் பறக்கிறது. நம் தொடுவானத்தில் எழுந்து மறுபக்கம் மறைய சுமார் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்கு. "கொஞ்சம் இருங்க" என்று சொல்ல முடியாது, நிலையம் இருக்காது.

அதனால் என்ன ஆகிறது என்றால், பிள்ளைகள் வாரக்கணக்கில் தயாராகிறார்கள். இருபது கேள்விக்குள் அடக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை வெட்ட வேண்டும். எதை விடுவது என்று சண்டை நடக்கும். புத்தகத்தில் இருப்பதைக் கேட்டு பத்து நிமிடத்தை வீணாக்கலாமா என்று அவர்களே கேட்பார்கள். கேட்டு முடித்ததும் "ஓவர்" சொல்ல வேண்டும், சொன்னால்தான் மறுமுனை பேசும். இந்த "ஓவர்" இருக்கிறதே, வீடியோ காலிலும் போட்டுப் பாருங்கள். ஒருவர்மேல் ஒருவர் பேசுவது பாதியாகக் குறைந்துவிடும். பிள்ளைகளுக்கும் குஷி.

டீச்சர் உங்கள் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தீர்கள். என்னைக் கேட்டால் அதுவே அதிகம்.

#8 எதிர்வாதி

குஷியாக இருந்தது என்பது ஆதாரம் ஆகாது. சர்க்கஸும் குஷிதான். ஒரு பிள்ளைக்காவது இதனால் ஏதாவது மாறியது என்று காட்ட முடியுமா?

#9 நூலகப்பூனை

எதிர்வாதி கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மணி நேர அரட்டையால் மதிப்பெண் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1966 முதல் 1977 வரை 4,807 பிள்ளைகளிடம் "ஒரு விஞ்ஞானியை வரை" என்று சொல்லி, வந்த படங்களைப் பற்றி 1983இல் கட்டுரை எழுதினார். வெள்ளை கோட்டு, கண்ணாடி, தாடி, புகையும் குடுவை. பெண் விஞ்ஞானியை வரைந்த படங்கள் எத்தனை தெரியுமா? 28. அந்த 28ஐயும் வரைந்தது பெண் பிள்ளைகள். பிறகு அமெரிக்காவில் ஐம்பது வருடங்களில் நடந்த இதே மாதிரியான 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. 1985 முதல் வந்த படங்களில் சராசரியாக 28 சதவீதம் பெண்கள். முன்னேற்றம்தான். ஆனால் வயது ஏற ஏற பிள்ளைகள் ஆண் விஞ்ஞானியையே வரைவது அதிகமாகிறது என்றும் அதே கட்டுரை சொல்கிறது.

இன்னொன்று, கல்வி ஆய்வாளர் லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் இங்கிலாந்தில் 2009இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிவியல் பிடிக்கும் என்றுதான் சொன்னார்கள். விஞ்ஞானி ஆகணும் என்றவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். ஆர்வக் குறைவு இல்லை இது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நமக்கு இல்லை" என்ற எண்ணம். வீட்டிலோ உறவிலோ அறிவியல் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் அந்த எண்ணம் மாறுகிறது. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பா இருக்க முடியாது. வகுப்புக்கு ஒருத்தரைக் கூட்டி வர முடியும். ஒரே ஒரு முறை வந்து போனால் சித்தப்பா ஆகிவிட மாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டீச்சருக்கு ஒரு கொசுறு. மேரி பட் ரோ என்பவர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடி ஆக்கியதுமே பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், அவர்களே திருப்பிக் கேள்வி கேட்டார்கள். வீடியோ காலில் இணைப்புத் தாமதமே ஒரு விநாடியைத் தின்றுவிடும். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்ற பிறகு உங்கள் விருந்தினர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? நீங்கள் எவ்வளவு நேரத்தில் முறைத்தீர்கள்?

#10 சாக்பீஸ்

உடனேதான் முறைத்தேன். 🙈

#11 பூவரசி

பெற்றோர் தரப்பிலிருந்து. எல்லாம் நல்ல விஷயம்தான், ஆனால் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என் பிள்ளையோடு இணையத்தில் பேசுகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். விஞ்ஞானி என்றால் நல்லவர்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பள்ளியின் கணக்கிலிருந்து மட்டும் அழைப்பு போகட்டும். ஆசிரியர் முதலிலிருந்து கடைசிவரை அறையில் இருக்க வேண்டும். பிள்ளையின் முழுப்பெயர், ஊர், எண் எதுவும் திரையில் வரக் கூடாது. பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே எங்களிடம் கேட்டுவிடுங்கள், எதற்கு என்றும் சொல்லுங்கள். "மேலும் சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியா மெசேஜ் பண்ணு" என்று எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் அது வேண்டாம். பின்னால் வரும் கேள்விகள் ஆசிரியர் வழியாகவே போகட்டும்.

#12 வேர்முடிச்சு

பூவரசி சொன்ன கடைசி விஷயம் எங்களுக்கும் நல்லது. ஒரு வகுப்பில் ஆர்வக்கோளாறில் என் எண்ணைக் கொடுக்கப் போனேன், ஆசிரியர் தடுத்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது அவருக்கு நன்றி.

#13 கணக்கு_வாத்தியார்

எதிர்வாதி சாருக்கு ஒரு கதை. ஆன்லைன் இல்லாத காலம், ஆனால் விஷயம் இதேதான்.

1963, இன்றைய தான்சானியா. எராஸ்டோ பெம்பா என்ற பள்ளி மாணவன் ஐஸ்கிரீம் செய்யும்போது, குளிர்பெட்டியில் இடம் போய்விடும் என்று அவசரப்பட்டு, பாலை ஆற வைக்காமல் சூடாகவே வைத்துவிட்டான். மற்றவர்களுடையதைவிட அவனுடையது முதலில் உறைந்தது. ஆசிரியரிடம் கேட்டான். "நீ குழம்பிப் போயிருக்கிறாய்" என்றார். பிறகு மேல்வகுப்பில் இன்னோர் ஆசிரியர், இது உலகப் பொது இயற்பியல் இல்லை, பெம்பாவின் இயற்பியல் என்று கேலி செய்தார். வகுப்பே சேர்ந்துகொண்டது.

அந்தப் பள்ளிக்கு டெனிஸ் ஆஸ்பார்ன் என்ற பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் சொற்பொழிவாற்ற வந்தார். முடிந்ததும் பெம்பா எழுந்து கேட்டுவிட்டான்: சம அளவு தண்ணீர், ஒன்று 35 டிகிரி, இன்னொன்று 100 டிகிரி, இரண்டையும் உறைய வைத்தால் 100 டிகிரிதான் முதலில் உறைகிறது, ஏன்? நண்பர்கள் சிரித்தார்கள். ஆஸ்பார்ன் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியாது, செய்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய லேப் உதவியாளர் செய்து பார்த்துவிட்டு வந்து, சூடானதுதான் முதலில் உறைந்தது, ஆனால் சரியான முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்றாராம்! 1969இல் இரண்டு பேர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அதற்குப் பெயரே பெம்பா விளைவு.

எதிர்வாதி சார், அன்று ஆஸ்பார்ன் சொற்பொழிவில் என்ன பேசினார் என்று இன்று யார் கேட்கிறார்கள்?

#14 எதிர்வாதி

நல்ல கதை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பெம்பா விளைவு உண்மையா என்பதே இன்னும் சர்ச்சை. வெப்பமானியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறிவிடுகிறது என்று 2016இல் ஒரு குழு கவனமாக அளந்து எழுதியது. ஐம்பது வருடம் கழித்தும் முடிவாகவில்லை.

#15 நூலகப்பூனை

ஐயா, ஒரு பள்ளிப் பையனின் கேள்வி ஐம்பது வருடம் இயற்பியலாளர்களைத் தூங்க விடவில்லை என்கிறீர்கள். நீங்கள் எந்தக் கட்சி?

#16 எதிர்வாதி

😀 சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. இருந்தாலும் பாருங்கள், பெம்பா கையால் செய்து பார்த்துவிட்டுக் கேட்டான். வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கேள்வி வரும்? "என்ன படிக்க வேண்டும்" என்பதுதான் வரும்.

#17 சாக்பீஸ்

எதிர்வாதி சார், இந்த இழையிலேயே எனக்கு ரொம்ப உதவியது உங்களுடைய இந்தக் கடைசி வரிதான். உண்மையாகச் சொல்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். முதலில் பிள்ளைகள் ஏதாவது ஒன்றைச் செய்து, அதில் மாட்டிக்கொள்ளட்டும். அப்புறம் விஞ்ஞானி. ஸ்லைடு கிடையாது. கேள்வி நான் எழுத மாட்டேன். வேர்முடிச்சு மேடம், கேட்பதற்குத் தயக்கமாக இருக்கிறது, நீங்கள் வருவீர்களா?

#18 வேர்முடிச்சு

வருகிறேன் டீச்சர். அதற்கு முன் பிள்ளைகள் தட்டைப்பயறு விதைக்கட்டும். சாதாரணத் தோட்ட மண் போதும், உரம் எதுவும் வேண்டாம். நைட்ரஜன் உரம் போட்டால் செடிக்கு பாக்டீரியா தேவைப்படாது, அவை குடியிருக்கும் வேர் முடிச்சே போடாமல் இருந்துவிடும். நாலைந்து வாரம் கழித்து மண்ணோடு தோண்டித் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள், இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். பிளேடால் முடிச்சை நீங்கள் நறுக்குங்கள், பிள்ளைகள் உள்ளே பார்க்கட்டும். என்ன தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

ஒரு வேண்டுகோள், "நைட்ரஜன் நிலைநிறுத்தம்" (பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றுவது) என்ற சொல்லையும் அதுவரை சொல்ல வேண்டாம். அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா பதினொரு வயதில், தீச்சுடர் என்றால் என்ன என்று ஆசிரியையிடம் கேட்டாராம். "ஆக்ஸிஜனேற்றம்" என்று பதில் வந்தது. சுடருக்கு இன்னொரு பெயர் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. அது மனதிலேயே இருந்து, 2012இல் அதே கேள்வியை விஞ்ஞானிகளுக்கே போட்டியாக வைத்தார், பதினொரு வயதுப் பிள்ளைகளை நடுவர்களாக்கி. பெயரைத் தெரிந்துகொண்டதும் கேள்வி செத்துவிடுகிறது. எங்களுக்கே அப்படித்தான்.

#19 அலைவரிசை

"ஓவர்" மறக்காதீர்கள்.

#20 சாக்பீஸ்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். நேற்று நடந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டுத் தொட்டி விதைத்தோம். மூன்று காய்ந்துவிட்டன (வார விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெரிய தகராறு). தோண்டி அலசியதும் வேரில் மணி மணியாக முடிச்சுகள். சில செடிகளில் நிறைய, இரண்டில் ஒன்றுகூட இல்லை. "செடிக்கு நோய் மிஸ்" என்றார்கள். நறுக்கினேன். சிலது உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, சிலது வெள்ளை. வகுப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. வாயைத் திறந்து விளக்கிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். 61 சீட்டு வந்தது. ஒரே மாதிரியானவற்றை அவர்களே பிரித்து, பன்னிரண்டு தேர்ந்தெடுத்தார்கள். "பாடப்புத்தகத்துல இருக்கு, தூக்கிப் போடு" என்று ஒருத்தி தயவு தாட்சண்யம் இல்லாமல் கிழித்துக்கொண்டிருந்தாள். பேசத் தயங்குகிறவர்களுக்காகப் பள்ளிக் கணக்கிலேயே ஒரு சாட் பெட்டி, தட்டச்சு செய்ய ஒரு பிள்ளை.

நாற்பது நிமிடம். மேடம் தன்னைப் பற்றி மூன்று நிமிடம்தான் பேசினார். முதல் கேள்வி, டப்பா கேட்ட அதே பையன்: "முடிச்சுக்குள்ள சிவப்பா இருக்கே, செடிக்கும் ரத்தம் உண்டா? ஓவர்."

மேடம் சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட உண்டு என்றார். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒன்று அந்த முடிச்சில் இருக்கிறது, லெக்ஹீமோகுளோபின். பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றப் பயன்படுத்தும் நொதி, ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். அதற்காக ஆக்ஸிஜனே இல்லாமலும் பாக்டீரியா வாழ முடியாது. அதனால் அந்தச் சிவப்புப் பொருள் ஆக்ஸிஜனைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுக்கிறது. வெள்ளையாக இருப்பது இன்னும் வேலை தொடங்காத இளம் முடிச்சாக இருக்கலாம், வேலையே செய்யாத முடிச்சாகவும் இருக்கலாம்.

பட்டியலில் ஐந்தாவது கேள்விக்குப் போக இருந்தோம். அப்போது சாட்டில் ஒரு வரி. யார் எழுதச் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது. "வேலை செய்யாத முடிச்சுக்குச் செடி ஏன் சாப்பாடு போடுது?"

மேடம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு, "இது என் ஆராய்ச்சிக் கூட்டத்துல கேட்கிற கேள்வி" என்றார். 2003இல் சோயா மொச்சையில் ஒரு சோதனை வெளிவந்ததாம். முடிச்சைச் சுற்றியுள்ள காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு, பாக்டீரியாவுக்குப் பயன்படாத ஆர்கான் வாயுவை வைத்து, பாக்டீரியாவால் வேலை செய்யவே முடியாதபடி ஏமாற்றினார்கள். அந்த முடிச்சுகளில் பாக்டீரியா பெருகுவது குறைந்துவிட்டது. செடி அங்கே ஆக்ஸிஜன் போவதைக் குறைத்திருப்பதும் தெரிந்தது. அதாவது சும்மா இருப்பவனுக்குச் செடி தண்டனை கொடுக்கிறது.

"எந்த முடிச்சு சும்மா இருக்குன்னு செடிக்கு எப்படித் தெரியும்?" இது நேராகவே வந்தது, "ஓவர்" சொல்லாமல், மூன்று நான்கு குரலில்.

"அது இன்னும் முழுசாத் தெரியாது. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

வகுப்புக்கு இதை நம்ப முடியவில்லை. விஞ்ஞானிக்குத் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. ஒரு பையன் என் பக்கம் திரும்பி, "மிஸ், அப்ப நாம கேட்டது நிஜமான கேள்வியா?" என்றான்.

எல்லாம் சுபம் இல்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் குரல் போய், கணக்கு_வாத்தியார் சொன்னபடி போன் ஸ்பீக்கரில் தொடர்ந்தோம். ஐந்தாறு பேர் கடைசிவரை எதிலும் கலந்துகொள்ளவில்லை. மேடம் ஒருமுறை "சிம்பயாசிஸ்" (கூட்டுவாழ்வு) என்று தொடங்கி மூன்று நிமிடம் வகுப்பை இழந்தார், அவரே கண்டுபிடித்துத் திரும்பி வந்தார். சீட்டில் இருந்த "பரீட்சையில் ஃபெயில் ஆகியிருக்கீங்களா" என்ற கேள்விக்கு "வேதியியலில், ஒரு முறை" என்று பதில் வந்ததும் எழுந்த கைதட்டலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

#21 கடைசி_பெஞ்சு

அந்த சாட் வரியை எழுதச் சொன்னது யார் என்று தேடாதீர்கள் டீச்சர். ப்ளீஸ்.

#22 எதிர்வாதி

முழுக்கப் படித்தேன். என் வழக்கைத் திரும்பப் பெறவில்லை. முடிச்சை நறுக்கிப் பார்த்ததுதான் வேலை செய்தது. விஞ்ஞானி வந்தது அதற்குப் பிறகுதான்.

#23 வேர்முடிச்சு

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நறுக்கிப் பார்த்துவிட்டு, சிவப்பு என்று நோட்டில் எழுதி, மணி அடித்ததும் மூடி வைத்திருந்தால்? "ஏன் சாப்பாடு போடுது" என்ற கேள்வி, சிவப்பு ஏன் என்று தெரிந்த பிறகுதான் வந்தது. எனக்கும் ஒன்று நடந்தது, எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் லேபுக்குத் திரும்பி, முடிச்சு போடாத அந்த இரண்டு செடியின் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மண், அதே விதை. டீச்சர், அந்தத் தொட்டிகள் எங்கே வைக்கப்பட்டிருந்தன?

#24 சாக்பீஸ்

சுவர் ஓரம். பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன், அந்த இரண்டுக்கும் யாரோ "நல்லா வளரட்டும்" என்று ரகசியமாக யூரியா போட்டிருக்கிறார்கள்! ஒப்புக்கொண்டவன் அழாத குறை. நீங்கள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன், செடிக்குத் தேவைப்படாவிட்டால் முடிச்சே போடாது என்று. இப்போது அவன் தலைமையில் அடுத்த வரிசைத் தொட்டிகள் தயார். பாதிக்கு யூரியா, பாதிக்கு இல்லை, இந்த முறை எல்லாருக்கும் தெரிந்து.

எதிர்வாதி சார், ஒரு சந்தேகம். பள்ளியில் பழைய நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா அதில் தெரியுமா?

#25 எதிர்வாதி

பெரிதாக்கம் எவ்வளவு? 400 மடங்கு இருந்தால் குச்சி குச்சியாக, புள்ளி புள்ளியாகத் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சிவப்பு முடிச்சு ஒன்றை ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கி, கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவிடுங்கள். மெத்திலீன் நீலச் சாயம் ஒரு சொட்டு, ஒரு நிமிடம் கழித்து மெதுவாகக் கழுவுங்கள். வெள்ளை முடிச்சிலும் ஒன்று செய்து பக்கத்தில் வையுங்கள். முதலில் லென்ஸைத் துடையுங்கள், பள்ளி நுண்ணோக்கியில் பாதி நேரம் தெரிவது பூஞ்சைதான். லென்ஸ் தேய்ந்திருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

#26 சாக்பீஸ்

திங்கட்கிழமை போடுகிறேன் சார். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.